தரைப்பலகையில் ஒரு விரல் ஓட்டை

ஐந்தாம் வகுப்பில் படித்தபோது எங்கள் வீடு கடலோர வில்லா என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். வில்லா இல்லை, ஃப்ளாட்டும் இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்க நாங்கள் நான்கு பேரும் ஒரு பாய்மரப் படகில் குடியிருந்தோம். துபாய்க்கு வடக்கே உம்முல் குவைனில், மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் கட்டிக் கிடந்த படகு. அதுவும் எங்களுடையது இல்லை.

போன வாரம் நம்மில் ஒருத்தி நம் ஸ்கூல் குரூப்பில் கேட்டாள், அந்த வில்லாவுக்கு ஒரு தடவைகூட எங்களைக் கூப்பிடவில்லையே என்று. கூடவே நான்கு சிரிப்பு முகம். எல்லோரும் ஸ்கூல் பஸ்ஸையும் கேன்டீன் சமோசாவையும் நினைத்து உருகிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அந்தக் காலத்தை நினைத்தால் பயம் மட்டும்தான் வருகிறது. நாற்பத்தாறு வயதாகிறது. இன்றைக்கும் பாத்ரூமில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்காமல் என்னால் உட்கார முடியாது. என் வீட்டுக்காரர் சிரிப்பார். அவருக்கு விஷயம் தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். படித்துவிட்டு யாரும் ஆறுதல் சொல்ல வர வேண்டாம்.

வாப்பா ராமநாதபுரம் கடற்கரைக்காரர். அஜ்மானில் ஒரு லாரி ஒர்க்ஷாப்பில் டீசல் மெக்கானிக். நாங்கள் இருந்த ஃப்ளாட்டை பிளைவுட் வைத்து மூன்றாகத் தடுத்து மூன்று குடும்பங்கள் இருந்தோம். அப்படித் தடுப்பது கூடாது என்று நோட்டீஸ் வந்தது. ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும். வாப்பாவின் சம்பளத்துக்குத் தனி ஃப்ளாட் கிடைக்காது. எங்களை ஊருக்கு அனுப்புவது என்று முடிவாகி, உம்மா பெட்டியைக்கூடக் கட்டிவிட்டார்.

அப்போதுதான் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். அவருடைய படகின் இன்ஜினை வாப்பா வெள்ளிக்கிழமைகளில் பார்த்துக்கொடுப்பார். அவர் ஆறு மாதம் தன் நாட்டுக்குப் போவதாக இருந்தது. அதுவரை நீங்கள் படகில் இருந்துகொள்ளுங்கள், வாடகை வேண்டாம், எது கெட்டாலும் சரி பண்ணி வையுங்கள், குளிர்காலம் முடியும்போது துபாயில் படகு ரிப்பேர் செய்யும் ஒரு யார்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்த் தண்ணீரிலிருந்து தூக்கி வையுங்கள் என்றார். வாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இது அல்லாஹ் கொடுத்த இடம் என்றார். உம்மா படகில் முதல் காலை வைத்தவுடன் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

எனக்குப் பத்து வயது. தம்பிக்கு நான்கு. முதல் நாளே வாப்பா எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"போட்டுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நம்ம கதையும் அவ்வளவுதான். நீங்க மூணு பேரும் ஊருக்கு. நா மறுபடியும் லேபர் கேம்ப்ல. வெளங்குதா?"

தம்பி விளங்குது என்றான். எனக்கு விளங்கியது. ஊருக்குப் போவதென்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதற்கு முன் மூன்று வருடம் வாப்பாவை நான் போட்டோவில் மட்டும் பார்த்திருந்தேன்.

படகில் வாழ்வது பெரிய அதிர்ஷ்டம் என்று இப்போது பணக்காரர்கள் படம் எடுத்துப் போடுகிறார்கள். நான் சொல்கிறேன், கேளுங்கள். எதைத் தொட்டாலும் ஈரம். யூனிஃபார்மில் பூஞ்சை வாடை. டீசல் நாற்றம் சோற்றில்கூட ஏறும். குனியாமல் எங்கேயும் நடக்க முடியாது. டாய்லெட்டுக்குக் கைப்பம்ப். ஒரு வால்வைத் திறந்து, முப்பது தடவை அடித்து, மறுபடி மூட வேண்டும். மூட மறந்தால் கடல் உள்ளே வந்துவிடும் என்று வாப்பா சொல்லிவைத்திருந்தார். பயத்தில் நான் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் டாய்லெட் போவேன். தம்பியின் இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை பாய்மரத்தின் அடியில். குளிர்காலம் முழுக்க அவன் அந்தக் கயிற்றின் நீளத்துக்குள்தான் வளர்ந்தான்.

தினமும் ஏதாவது கெடும். ஒரு நாள் ஸ்டவ், ஒரு நாள் குடிதண்ணீர் பம்ப், ஒரு நாள் ஜன்னல் ரப்பர். பெரிய பாய் ஒரு காற்றில் கிழிந்தது. உம்மா கோணி ஊசியால் நான்கு நாள் உட்கார்ந்து தைத்தார். விரல் நுனியெல்லாம் பொத்தல். வாப்பா ஒர்க்ஷாப் டூட்டி முடிந்து வந்து சாப்பிடாமலேயே ஸ்பேனரை எடுப்பார். நல்ல மெக்கானிக்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லாரிக்கு மெக்கானிக். லாரி கெட்டால் நின்றுவிடும். படகு கெட்டால் முழுகும். அந்த வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் எங்களைக் கூட்டிவந்தாரா என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருகிறது.

இன்ஜினிலிருந்து வெளியே விசிறிக்குப் போகும் இரும்புத் தண்டு படகின் அடியில் ஓர் ஓட்டை வழியாகத்தான் போகும். அந்த இடத்தில் எப்போதும் கொஞ்சம் கடல் தண்ணீர் சொட்டும். எங்கள் படகில் அது கொஞ்சம் இல்லை. அதைச் சரி செய்யப் படகை வெளியே தூக்க வேண்டும். குளிர்காலம் முடியட்டும் என்று வெள்ளைக்காரர் சொல்லிவிட்டார். சொட்டும் தண்ணீர் தரைப்பலகைக்குக் கீழே உள்ள குழியில் சேரும். சேர்ந்து ஓர் அளவு வந்ததும் எலக்ட்ரிக் பம்ப் தானாக ஓடி அதை வெளியே துப்பும். அது நின்றால் அடிக்க ஒரு கைப்பம்பும் உண்டு. இரண்டுக்கும் ஒரே குழாய்தான்.

குழியை அளப்பது என் வேலை. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் இன்ஜின் பக்கத்துப் பலகையைத் தூக்கி, என் பள்ளிக்கூட மரஸ்கேலைச் செங்குத்தாக விட்டு, எத்தனை இஞ்ச் நனைந்திருக்கிறது என்று வாப்பாவிடம் சொல்ல வேண்டும். மூன்று என்றால் வாப்பா டீ குடிப்பார். ஐந்து என்றால் டீயை வைத்துவிட்டு எழுந்திருப்பார். ஜியோமெட்ரி வகுப்பில் என் ஸ்கேல் வளைந்திருக்கிறது என்று டீச்சர் திட்டியது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். வளைந்த காரணம் இதுதான்.

பம்ப் ஓடும் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. நாற்பது எண்ணுவதற்குள் நின்றுவிடும். நிற்காவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ஓடாவிட்டால் அதைவிட மோசம்.

இப்போது உம்மாவின் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே வரைக்கும் முடி. துறைமுகத்தில் கிடைத்தது அரை உப்புத் தண்ணீர். அதில் குளித்துக் குளித்து அந்தக் குளிர்காலத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. எனக்கும் கொட்டியது. உம்மா தினமும் தனக்கும் எனக்கும் தலை வாரி, சீப்பில் வந்த முடியைச் சேர்த்து விரலில் சுற்றிப் பந்தாக்குவார். ஊரில் அதைக் கொல்லையில் மண்ணைத் தோண்டிப் புதைப்பார்கள். பெண்ணின் முடி அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது, மண்ணுக்குள்தான் போக வேண்டும். நம் வீடுகளில் பலருக்கும் வழக்கம் இதுதான், புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அஜ்மானிலும் கட்டடத்துக்குப் பின்னால் மணல் இருந்தது.

படகில் மண் ஏது? துறை முழுக்க ஆம்பிளைகள். கடலில் போட்டால் முடி முழுகாமல் மிதந்து துறைப் படிக்கட்டிலேயே வந்து ஒட்டும். குப்பை டிரம்மைப் பூனைகள் கிளறும், காற்று பிறகு எல்லாவற்றையும் துறை முழுக்கப் பரப்பும். உம்மா ஒரு வாரம் யோசித்தார். பெண்கள் படுப்பது படகின் முன் அறையில். அதன் தரைப்பலகையில், பலகையைத் தூக்குவதற்காக விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை இருந்தது. உம்மா முடிப்பந்தை அதில் வைத்து மோதிர விரலால் உள்ளே தள்ளுவார். கீழே இருட்டு. அவருக்கு அது மண் மாதிரி.

நான் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் பார்ப்பேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. முன் அறையில் விழுவது படகின் அடியிலேயே ஊர்ந்து இன்ஜின் குழிக்கு வரும்போது டீசல் கசடோடு சேர்ந்து கறுப்புக் குழம்பாகிவிடும். பார்த்தால் எண்ணெய் அழுக்கு மாதிரிதான் இருக்கும்.

டிசம்பரில் பம்ப் முதல் தடவை நின்றது. ஃப்யூஸ் போயிருந்தது. வாப்பா மாற்றினார். நான்கு நாளில் மறுபடி. மோட்டாரே கருகிவிட்டது. வெள்ளைக்காரர் சொல்லி, துறையில் இருந்த படகு ஒர்க்ஷாப்பிலிருந்து மலையாளி எலக்ட்ரீஷியன் வந்தார். ஒல்லியான மனுஷர், காது மேல் பென்சில், சட்டைப் பையில் மஞ்சள் கைப்பிடி டெஸ்டர். என்னை மோளே என்று கூப்பிடுவார். தம்பியின் கயிற்றை அவிழ்த்து, அது கப்பல்காரர்கள் போடும் முடிச்சு இல்லை, ஆட்டைக் கட்டும் முடிச்சு என்று வாப்பாவைக் கேலி செய்து, புது முடிச்சுப் போட்டுக் காட்டினார். வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. மெக்கானிக்குக்கு எலக்ட்ரீஷியன் முடிச்சு சொல்லிக்கொடுப்பதா?

புது மோட்டார் வைத்து, புது ஒயர் இழுத்தார். பத்து நாளில் அதுவும் திணறியது. அன்றைக்கு வாப்பா பார்ட்ஸ் வாங்க துபாய் போயிருந்தார். எலக்ட்ரீஷியன் தானாகவே வந்தார். அந்நிய ஆண் என்பதால் உம்மா தம்பியோடு முன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டார்ச் பிடிக்க நான் மட்டும். அவர் ஒயரை எல்லாம் சோதித்துப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு இன்ஜினுக்குப் பின்னால், ஒரு கை மட்டும் நுழையும் சந்தில், குழாயின் நடுவே இருந்த ஒரு பித்தளை வால்வை எட்டிப் பிடித்தார். வெளியே போன தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு. ஸ்பேனர் போட்டு அதன் மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு விரலை விட்டு இழுத்தார்.

முடி. கைப்பிடி அளவு. அவர் இழுக்க இழுக்க நீளமாக வந்துகொண்டே இருந்தது.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூன்று அடி தள்ளிச் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். உடனே கையைத் தாழ்த்திக்கொண்டார். இன்னொருவர் வீட்டுப் பெண்ணின் முடி தன் கையில் இருப்பது அவருக்கே சங்கடமாகிவிட்டது. பழைய பேப்பரில் அதைப் பொதிந்து என் கையில் வைத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மோளே, இத உம்மாகிட்ட கொடு. தரைப்பலகை ஓட்டையில இனி முடி இடண்டான்னு பறயணும், கேட்டோ? வாப்பா அறியண்டா. நா ஆருகிட்டயும் பறயில்லா."

சரி என்றேன். அவர் மூடியைத் திருகிவிட்டுப் போனார். பம்ப் நாற்பது எண்ணுவதற்குள் நின்றது.

நான் பொட்டலத்தை உம்மாவிடம் கொடுக்கவில்லை. ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் போய் எண்ணெய்க் குப்பை டிரம்மில் அடி ஆழத்தில் திணித்தேன். உம்மாவிடம் ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு தடவை காற்றில் முக்காடு பறந்துபோய்த் துறையில் நான்கு பேர் பார்த்ததற்கே உம்மா இரண்டு நாள் அழுதவர். உன் முடியை ஒரு ஆம்பிளை கையில் வைத்திருந்தார் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் உம்மா வாப்பாவிடம் சொல்லுவார். வாப்பா என்ன செய்வார் என்று நினைத்துப் பார்க்கவே பயம். அந்த மனுஷரை அடிப்பார், இல்லை எங்களை ஊருக்கு ஏற்றிவிடுவார். பத்து வயசு மூளை இவ்வளவுதான் கணக்குப் போட்டது. மறுநாள் காலை உம்மா தலை வாரினார். முடியைச் சுற்றினார். மோதிர விரலால் தள்ளினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி நடுவில் ஃப்யூஸ் மறுபடி போனது. அன்று காலை ஸ்கேலில் ஏழு இஞ்ச். வாப்பா வேறு ஃப்யூஸ் போட, பம்ப் திணறியபடி ஓடியது.

வெள்ளைக்காரர் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்த பிறகு துறை ஆபீஸுக்குப் போன் போடுவார். வாப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. கொஞ்சம் ஹிந்தி, கொஞ்சம் அரபு, ஸ்பேனர் பெயர்கள். அதனால் போனில் பேசுவது நான். வாப்பா தமிழில் சொல்லுவார், நான் இங்கிலீஷில் சொல்லுவேன். அவர் சொன்னதைத் திருப்பி வாப்பாவிடம் சொல்லுவேன். பத்து வயசுப் பிள்ளையை நடுவில் நிறுத்திப் பெரியவர்கள் இரண்டு பேர் பேசினார்கள். அந்த வருடம் இங்கிலீஷ் எலக்யூஷன் பேச்சுப் போட்டியில் எனக்குத்தான் முதல் பரிசு. எல்லோரும் கை தட்டினீர்கள்.

அன்றைக்கு வாப்பா கடுங்கோபத்தில் இருந்தார்.

"சொல்லு. அந்த மலையாளிக்கு ஒயரிங் தெரியல. மூணு தடவ ஃப்யூஸ் போச்சு. அவன் தொட்டும் சரியாவல. வேற ஆள வைக்கணும்னு சொல்லு."

நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"என்னா முழிக்கிற? சொல்லு புள்ள."

சொன்னேன். நம் இங்கிலீஷ் டீச்சர் கற்றுக்கொடுத்த மாதிரி முழு வாக்கியங்களில், சார் போட்டுச் சொன்னேன். வெள்ளைக்காரர் கேட்டுக்கொண்டு, ஒர்க்ஷாப் முதலாளியிடம் பேசுகிறேன் என்றார். பேசியும்விட்டார். வேறு யாரோ வாடிக்கையாளரும் எப்போதோ குறை சொல்லியிருந்தாராம். இரண்டு வாரத்தில் எலக்ட்ரீஷியனின் விசாவைக் கேன்சல் பண்ணினார்கள்.

அவர் போன நாள் நான் ஸ்கூல் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒர்க்ஷாப் வாசலில் கயிறு கட்டிய பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். காதில் பென்சில் இல்லை. என்னைக் கூப்பிட்டார். நான் இரண்டு அடி தள்ளியே நின்றேன்.

"மோளே, உம்மாகிட்ட பறஞ்ஞோ?"

தலையை ஆட்டினேன், சொல்லிட்டேன் என்று. அவர் நெற்றியைச் சுருக்கினார். பின்னே எப்படி மறுபடி ஃப்யூஸ் போனது என்று யோசித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. வேலை தெரிந்த மனுஷர். பஸ் வந்துடும், போ என்றார்.

பிப்ரவரி கடைசியில் படகை துபாய்க்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. விடிந்ததும் கிளம்பினால் மத்தியானத்துக்கு மேல் போய்ச் சேரலாம். இதே வழியில் வெள்ளைக்காரரோடு மூன்று தடவை போயிருக்கிறேன், கரையை இடது பக்கம் வைத்துக்கொண்டே போனால் துபாய் வந்துவிடும் என்று வாப்பா சொன்னார். எங்களைத் தரை வழியாக அனுப்பியிருக்கலாம். ஒரு டாக்ஸி. அனுப்பவில்லை. வீடே அதுதானே, வீட்டை விட்டு எங்கே போவீர்கள் என்றார். சட்டி பானை, யூனிஃபார்ம், என் புத்தகம் எல்லாவற்றோடும் கடலுக்குள் போனோம்.

எட்டு மணி வரை கடல் தட்டாக இருந்தது. தம்பி பிஸ்கட் சாப்பிட்டான். பத்து மணிக்கு ஷமால் என்கிற வடமேற்குக் காற்று பிடித்தது. வலது பக்கத்திலிருந்து அலை வந்து வந்து அடித்தது. கரை ஒரு மஞ்சள் கோடாகி, பிறகு புழுதியில் கரைந்து, மறுபடி தெரிந்தது. அடுக்கில் இருந்த பாத்திரம் எல்லாம் கீழே கொட்டியது. உருளைக்கிழங்குகள் தரை முழுக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடின.

பம்ப் ஓடத் தொடங்கியது. நான் எண்ணினேன். நாற்பது. நூறு. இருநூறு. நிற்கவில்லை. பம்ப் தண்ணீரைத் துப்பும் பக்கவாட்டு ஓட்டையை எட்டிப் பார்த்தேன். தண்ணீரே வெளியே வரவில்லை. பிறகு சத்தம் நின்றது.

உம்மா கீழேயிருந்து கூப்பிட்டார். "என்னங்க, மெத்தை நனையுது."

வாப்பா சுக்கான் கட்டையை என் கையில் கொடுத்தார். "கரைய இடது கைப்பக்கம் வச்சுக்க. வேற எதையும் பாக்காத." சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். புது ஃப்யூஸ் போட்டார். போனது. அடுத்தது போட்டார். அதுவும் போனது. கைப்பம்பின் பிடியை இழுத்தார். சுவரைத் தள்ளுகிற மாதிரி அது அசையவில்லை. தரைப்பலகைகள் மிதக்கத் தொடங்கியிருந்தன. இன்ஜின் பெல்ட் தண்ணீரை வாரி எல்லாப் பக்கமும் அடித்தது. இன்ஜின் நின்றால் நேராகக் கரைப் பாறைக்குத்தான் போவோம். எனக்கே அது தெரிந்தது.

வாப்பா ஒயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டு மலையாளியைத் திட்டினார். அந்த ஆள் செய்த வேலை, அந்த ஆள் செய்த வேலை என்று திரும்பத் திரும்ப. தண்ணீர் அவர் முழங்காலுக்கு வந்துவிட்டது. அவர் ஒயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

உம்மா சோத்துப் பானையால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார். முக்காடு எப்போதோ போய்விட்டது. கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் அறைந்தது. அவர் கவலைப்படவில்லை. அந்த முடியைப் பார்த்துக்கொண்டு நான் சுக்கானைப் பிடித்திருந்தேன். தம்பி அழவில்லை. இடுப்புக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி என்னையே பார்த்தான்.

"வாப்பா, பைப்புல முடி இருக்கு."

காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை தொண்டை கிழியக் கத்தினேன்.

"பைப்புல உம்மா முடி. இன்ஜினுக்குப் பின்னாடி, பித்தள வால்வு."

உம்மாவுக்குத்தான் முதலில் கேட்டது. பானையோடு அவர் கை அப்படியே நின்றது.

வாப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் கையை விட்டார். சூடான புகைக்குழாயில் முழங்கை பட்டுப் பொசுங்கியது. அந்தத் தழும்பு கடைசி வரை அவர் கையில் இருந்தது. மூடி கழன்றது. அவர் முடியை இழுத்தார். ஒரு முழம். அடுத்த முழம். எண்ணெயில் ஊறி, கயிறு மாதிரித் திரண்ட முடி. உம்மாவுடையதும் என்னுடையதும்.

புது ஃப்யூஸ் போட்டவுடன் பம்ப் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஓடியது. பக்கவாட்டு ஓட்டையிலிருந்து கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்ததை நான் மேலேயிருந்து பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். உடுப்பிலேயே ஒன்றுக்குப் போயிருந்தேன். எப்போது போனேன் என்றே தெரியாது.

வாப்பா மேலே ஏறி வந்தார். முழுகப்போய்ப் பிழைத்த மனுஷன் முதலில் என்ன கேட்க வேண்டும்? பிள்ளைகள் நல்லா இருக்கிறார்களா என்று கேட்கலாம். அவர் என்னிடம் கேட்டது இது.

"இத வேற யாரும் பாக்கலையே?"

இல்லை என்றேன்.

"உனக்கு எப்புடித் தெரியும்?"

உம்மா ஓட்டையில் போடுவதைப் பார்த்திருக்கிறேன், அதுதான் நினைத்தேன் என்றேன். மூடியைத் திருக நேரமில்லாமல் வால்வை ரப்பர் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டு வந்திருந்தார், பித்தளை மூடி அவர் கையில் இருந்தது. அதன் பச்சைக் களிம்பு மேல் ஸ்பேனர் கடித்த தடம் இரண்டு இருந்தது, ஒன்று இப்போது அவர் போட்டது, மற்றது இரண்டு மாதத்துக்கு முன்னால் பட்டது. வாப்பா இருபது வருட மெக்கானிக். அந்த இரண்டாவது தடத்தைக் கட்டை விரலால் தடவினார். சரி என்று சொல்லிவிட்டு என் கையிலிருந்து சுக்கானை வாங்கினார்.

அவருக்குத் தெரியும். எலக்ட்ரீஷியன் அந்த மூடியைத் திறந்தார் என்று அன்றைக்கே தெரியும். இதை நான் புரிந்துகொள்ள இருபது வருடம் ஆனது.

துபாய் போய்ச் சேர்ந்தோம். யார்டில் படகைத் தூக்கி இரும்புக் கால்கள் மேல் நிறுத்தினார்கள். உம்மா அந்த முடியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, படகுகளுக்குப் பின்னால் இருந்த மணலில் கரண்டியால் தோண்டிப் புதைத்தார். பிறகு தம்பியின் கயிற்றை வெட்டிய அதே கத்தரிக்கோலால் என் முடியைக் காதோடு வெட்டினார். நீங்கள் கேட்டபோது பேன் என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை யார்டு ஆபீஸில் போன் வந்தது. வாப்பா பக்கத்தில் நின்றார், கையில் கட்டு. பம்ப் சரியாகிவிட்டது, குழாயில் பிளாஸ்டிக் கவர் அடைத்திருந்தது என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். வெள்ளைக்காரருக்குச் சந்தோஷம். பிறகு அவர் ஒன்று கேட்டார். அப்படியென்றால் எலக்ட்ரீஷியன் மேல் தப்பே இல்லையா? ஒயரிங் சரியாகத்தான் இருந்ததா? அப்படி இருந்தால் சொல், நான் ஒர்க்ஷாப்புக்கு எழுதுகிறேன், திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

வாப்பாவுக்குப் புரியவில்லை. "என்ன கேக்குறாரு?"

எலக்ட்ரீஷியன் திரும்பி வருவதை நினைத்தேன். மூடியைத் திறந்தது யார், முடியை எடுத்தது யார், பொட்டலத்தை வாங்கியது யார், எல்லாம் அவர் சொல்லுவார். வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

"போட்ட தூக்கி வச்சாச்சான்னு கேக்குறாரு."

"ஆச்சுன்னு சொல்லு."

போனை வாய்க்கு அருகில் கொண்டுவந்து, ஒயரிங்கும் சரியில்லை சார் என்று சொன்னேன். அவர் நன்றி சொன்னார். வேறு இடம் கிடைக்கும் வரை படகிலேயே இருந்துகொள்ளுங்கள் என்றார். அதை மட்டும் வாப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். இரண்டு மாதம் கழித்து துபாயிலேயே அல் குசைசில் ஒரு ரூம் கிடைத்தது. எங்களை யாரும் ஊருக்கு அனுப்பவில்லை.

ஆபீஸிலிருந்து வெளியே வந்ததும் வாப்பா என் தலையைத் தடவினார். பக்கத்துக் கடையில் ஒரு மாம்பழ ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். வெயிலில் நின்று முழுதும் குடித்தேன்.